மரையல்லாத மரை: சில அமெரிக்க வேட்டைப் பிரதிகளை முன்வைத்து

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து நடந்த எமது வாசகர் வட்டச் சந்திப்பில் தம்பியொருவர் ஒரு மொழிபெயர்ப்பை வாசித்தார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு தகப்பன் தனது 12 வயது மகளை 'எல்க்' வேட்டைக்கு அழைத்துச் சென்ற அனுபவக் கட்டுரை அது. எழுதியவர் பேர்பெற்ற எழுத்தாளர் அல்லர். வேட்டைக்காரர், பேனா பிடிக்கவும் தெரிந்தவர், அவ்வளவுதான். வாசித்து முடிந்ததும் சபை இரண்டுபட்டது. எங்களூர் மூத்த கவிஞர் எழும்பி, "பச்சப்புள்ளைட கையில துவக்கக் குடுக்கிற கதை. இதத் தமிழுக்குக் கொண்டுவந்து ஆருக்கென்ன லாபம்?" என்று கேட்டார். இன்னொருவர், வேட்டை மார்க்கத்தில் ஆகுமானதுதானே, இஹ்ராம் கட்டியவருக்கல்லவா தரை வேட்டை தடை என்று தொடங்க, பேச்சு இலக்கியத்தை விட்டு ஃபிக்ஹுக்குப் போய், அங்கிருந்து தேநீருக்குப் போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. அதற்கொரு காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன். அன்று பேசாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்ப் பிரச்சினை. தம்பி 'எல்க்' என்பதை 'மரை' என்று பெயர்த்திருந்தார். அகராதியைப் பார்த்துச் செய்திருக்கிறார், அவரைக் குறை சொல்லவியலாது. இந்தக் குழப்பத்துக்கு எமது நாட்டோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டை நாய்களை ஏவி, மடக்கிய மரையைக் கத்தியால் குத்திக் கொன்றவர். அந்த அனுபவங்களை 1850களில் புத்தகங்களாக்கினார். அவற்றில் எமது மரைக்கு அவரிட்ட பெயர் 'எல்க்'. அக்கால வெள்ளைக்காரர் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நுவரெலியாவுக்கு அருகில் 'எல்க் பிளேன்ஸ்' என்றோர் இடம் இன்றும் உண்டு. ஆனால் ஐரோப்பாவில் எல்க் என்பது வேறொரு பிராணி; அகன்ற தட்டைக் கொம்புள்ள அதனை அமெரிக்கர் 'மூஸ்' என்பர். அமெரிக்கரின் எல்க்கோ மூன்றாவது பிராணி. அதன் சொந்தப் பெயர் 'வாபிட்டி'. ஷாவ்னிப் பழங்குடி மொழியில் வெண்பிட்டம் என்று பொருள்படும் சொல் அது. போன இடமெல்லாம் வெள்ளைக்காரன் தன்னிடமிருந்த ஒரே பெயரைக் கண்ட பெரிய மானுக்கெல்லாம் சூட்டிவிட்டான். அகராதி வழியாக நாமும் அதே காரியத்தைத் திருப்பிச் செய்யலாமா? மரையென்று வாசித்த கணத்திலேயே எங்கள் கவிஞரின் மனக்கண்ணில் எமது காடு வந்திருக்கும். வனஜீவராசி இலாகாவுக்குப் பயந்து இரவில் இறைச்சி பங்கிடும் ஆட்கள் வந்திருப்பார்கள். அவருடைய கோபத்தில் பாதி அந்த ஒரு சொல்லினால் வந்ததென்றே நினைக்கிறேன்.

அங்கே நிலைமை வேறு. 1949 ஜனவரி முதலாம் திகதியோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பாடநெறியில் சித்தியடையாமல் பொதுவாகக் கொலராடோவில் வேட்டை அனுமதிப்பத்திரம் பெறமுடியாது. பெருவிலங்கு வேட்டைக்குக் குறைந்த வயது 12. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய தூரத்தில், தொலைநோக்கியோ வேறு கருவியோ இல்லாமல், பெரியவர் ஒருவரின் பார்வையிலேயே இருக்கவேண்டும். ஒளிரும் செம்மஞ்சள் நிற மேலங்கி 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும், தலையிலும் வேண்டும். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் அணியலாம். சுட்ட விலங்கின் இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது குற்றம். சிறுவர்க்கென ஒதுக்கப்படும் பருவங்களில் பெரும்பாலும் கொம்பில்லாத பெண் எல்க்கையே சுட அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ அழிந்து 1900 அளவில் ஒரு இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்ட இப்பிராணி இன்று பத்து இலட்சத்தளவு நிற்கிறது. துவக்குக்கும் ரவைக்கும் வரி விதித்து, அந்தப் பணத்தை வனவிலங்குகளுக்குச் செலவிடும் சட்டத்தை அவர்கள் 1937 இல் கொண்டுவந்தார்கள். எமது வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1937 தான். ஒரே வருடத்தில் இரண்டு நாடுகள் போட்ட சட்டம். அங்கே வேட்டைக்காரன் காட்டின் பங்காளியானான், இங்கே களவாளியானான். அதை ஆராய்வது என் வேலையல்ல. இந்தப் பின்னணி தெரியாமல் அக்கட்டுரையை வாசித்தால், தகப்பன் மகளுக்குக் கொலை பழக்குகிறான் என்று மட்டுமே தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் சட்டத்துக்குட்பட்டதென்பதால் ஒரு பிரதி நல்ல பிரதியாகிவிடாது. சிறுவனை வேட்டைக்கு அழைத்துச் செல்லும் கதை அமெரிக்க இலக்கியத்தின் நடுவீட்டில் இருக்கிறது. அதன் பெரிய எழுத்தாளர்கள் இந்த விடயத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சிறிய கட்டுரைக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

வில்லியம் போக்னரின் 'கோ டௌன், மோசஸ்' 1942 இல் வெளிவந்தது. அதில் ஐசக் மக்காஸ்லின் என்ற பையன் 12 வயதில் முதல் கலைமானைச் சுடுகிறான். சாம் பாதர்ஸ் என்ற கிழவர் அந்த இரத்தத்தில் கையைத் தோய்த்து அவன் முகத்தில் பூசுகிறார். பூசுபவர் யார் என்பதைக் கவனிக்கவேண்டும். சிக்கசோ பழங்குடித் தலைவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்து, தாயோடு சேர்த்து விற்கப்பட்டவர். காட்டின் கல்வி முழுவதும் அவரிடம் இருக்கிறது. காட்டில் ஒரு முழமும் அவருடையதல்ல. அவர் கற்பிப்பது குறிபார்ப்பதையல்ல. கிழட்டுக் கரடியைக் காணவேண்டுமானால் பையன் துவக்கை வைத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. அதுவும் போதாமல் கடிகாரத்தையும் திசைகாட்டியையும் பற்றையில் தொங்கவிட்டு, வழி தவறிய பிறகுதான் கரடி தன்னைக் காட்டுகிறது. பின்னொரு தடவை அதன் காலடிவரை போய்த் தனது சிறு நாயைத் தூக்கிவருகிறான், சுடவில்லை. சுடாத சந்தர்ப்பங்களால்தான் அவன் வேட்டைக்காரனாகிறான்.

ஐசக் என்ற பெயரை எம்மவர் வெறுமனே தாண்டிப்போக முடியாது. பைபிளின்படி கத்தியின் கீழ் கிடந்த பிள்ளை அவர். எம்மிடம் பிரபலமான கருத்து அது இஸ்மாயீல் அலைஹிஸ்ஸலாம் என்பது. எப்படியாயினும், கத்திக்குக் கீழ் கிடந்தவனின் பெயரை வைத்து, அவன் கையில் கத்தியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார் போக்னர். அவன் பிறகு என்ன செய்கிறான்? பாட்டன் தன் அடிமைப் பெண்களுக்கும், தனக்கு அவர்களிடம் பிறந்த மகளுக்கும் இழைத்த அநியாயத்தைக் குடும்பக் கணக்குப் புத்தகங்களில் வாசித்தறிந்து, 21 வயதில் பரம்பரை நிலத்தை வேண்டாமென்று விடுகிறான். சுவடு வாசிக்கப் பழகியவன் பேரேட்டையும் வாசித்தான். இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் போக்னரை நாம் நீதிக்கதைக்காரர் என்று சொல்லிவிடலாம். அவர் விடவில்லை. அதே நூலின் 'டெல்ட்டா ஓட்டம்' என்ற கதையில் ஐசக் எண்பதை நெருங்கும் கிழவன். உறவினன் ஒருவனின் பிள்ளையோடு வந்து நிற்கும் கலப்பினப் பெண்ணை, உன் இனத்தில் ஒருவனைக் கட்டிக்கொண்டு வடக்கே போ என்று அனுப்பிவிடுகிறான். அவ்வளவு கற்ற காடு அந்த நிமிடத்தில் அவனுக்கு உதவவில்லை. அந்த உறவினனோ அன்று ஒரு பெண்மானைச் சுட்டிருக்கிறான்; போக்னரின் உலகில் அது வெட்கக்கேடு. கொலராடோவில் பிள்ளைக்கு அரசாங்கமே பெண் எல்க்குக்கு அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. ஓநாய்களை மனிதன் தீர்த்துவிட்ட மலைகளில் மந்தையைக் கட்டுப்படுத்தப் பெண் விலங்கைத்தான் குறைக்கவேண்டுமென்று கணக்கு வந்துவிட்டது. நியாயமான கணக்குத்தான். எனினும் போக்னரை வாசித்தவன் அந்தச் சீட்டைப் பார்த்துச் சற்றே நெளியத்தான் வேண்டும்.

என் மாணவர்க்குச் சொல்ல நேர்ந்தால் நான் போக்னரைச் சொல்லமாட்டேன். அவர் வாக்கியங்களில் நானே பலமுறை தடுக்கி விழுந்தவன். மார்ஜரி கின்னன் றோலிங்ஸின் 'த இயர்லிங்' நாவலைச் சொல்வேன். 1938 இல் வந்து, 1939 இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஆசிரிய கலாசாலையில் பயிலும்போது, அட்டை கிழிந்த ஒரு பிரதியில் அதை வாசித்தேன். புளோரிடாப் புதர்க்காட்டில் ஓர் ஏழைக் குடும்பம். தகப்பன் பென்னி, மகன் ஜோடி. பென்னியைப் பாம்பு கடிக்கிறது. கையிலிருந்த துவக்கால் ஒரு பெண்மானைச் சுட்டு, அதன் ஈரலை வைத்து விஷத்தை இழுக்கிறான். தாயை இழந்த குட்டியை ஜோடி வளர்க்கிறான். தங்களுக்காகச் செத்த தாயின் குட்டிக்குத் தாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்பது அவன் கட்சி. குட்டி வளர்ந்து சோளப் பயிரைத் தின்கிறது. வேலியை உயர்த்தியும் தின்கிறது. சோளம் போனால் அந்த வீட்டில் பசி. படுக்கையில் கிடக்கும் பென்னி, சுடு என்று மகனுக்குச் சொல்கிறான். மகனால் முடியவில்லை. தாய் சுடுகிறாள், குறி தவறிக் காயம்தான் படுகிறது. காயத்தோடு ஓடும் மானை ஜோடியே முடிக்கவேண்டியதாகிறது.

சேனைக்காரனின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. பயிரையும் பிராணியையும் ஒரே வீட்டில் வைத்திருக்க முடியாத நிலைமை அவர்களுக்குத் தெரியும். நான் சொல்லவருவது வேறு. றோலிங்ஸ் அந்தச் சூட்டோடு கதையை முடிக்கவில்லை. ஜோடி தகப்பனை வெறுத்து வீட்டைவிட்டு ஓடுகிறான். பசியோடு ஆற்றில் அலைந்து திரும்புகிறான். அந்த வெறுப்புக்கு அவர் இடம் கொடுத்திருக்கிறார். பிள்ளை அழுதான், பிறகு ஆண்மகனானான் என்று ஒரே வரியில் அவர் கடந்துபோகவில்லை. இந்நூலின் பதிப்பாசிரியர் மெக்ஸ்வெல் பேர்க்கின்ஸ். ஹெமிங்வேக்கும் பதிப்பாசிரியர் அவர்தான்.

ஹெமிங்வேயின் 'தந்தையரும் புதல்வரும்' 1933 இல் நூலில் வந்த சிறுகதை. நிக் அடம்ஸுக்குத் தகப்பன் நாளொன்றுக்கு மூன்று ரவை மட்டுமே கொடுப்பார். கண்டபடி வெடிவைத்துத் திரிவது பையனுக்கு நல்லதல்ல என்பது அவர் எண்ணம். நல்ல ஆசிரியர். அதே நிக், ஒருநாள் அடிபட்ட கோபத்தில் விறகுக் கொட்டிலுக்குள் அந்தத் துவக்கோடு குந்தியிருந்து, முன்விறாந்தையில் பத்திரிகை வாசிக்கும் தகப்பனைப் பார்க்கிறான். சுடுவதில்லை. ஆனால் சுடலாம் என்று அவனுக்குத் தெரிகிறது. ஹெமிங்வேயின் தகப்பன் 1928 இல் தன்னைத்தானே சுட்டு இறந்தவர். 1961 இல் ஹெமிங்வேயும் அப்படியே. எழுத்தாளரின் வாழ்வைக் கதைக்குள் இழுத்துவரும் விமரிசனம் எனக்குப் பிடிப்பதில்லை. இங்கே தவிர்க்க முடியவில்லை. பிள்ளைக்குத் துவக்கைக் கொடுக்கும் தகப்பன் வேறெதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறான் என்று ஹெமிங்வே கேட்டார். வேட்டைச் சஞ்சிகைகளில் வரும் அனுபவக் கட்டுரைகள் இதைக் கேட்பதேயில்லை.

நான் பேசாதிருந்த காரணத்தைச் சொல்வதாகச் சொன்னேன். 1990 இல் எனக்குப் பத்து வயது. ஆகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள்; அடுத்த கிழமை ஏறாவூர். எங்களூரில் ஆண்கள் முறைவைத்துக் காவலிருந்தார்கள். வாப்பாவுக்கும் ஊர்காவல் என்று ஒரு துவக்குக் கிடைத்தது. வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன். கச்சான் காற்றடிக்கும் இரவுகளில் என்னையும் வளவு மூலையில் தன்னருகே குந்தவைத்துக்கொள்வார். தஹஜ்ஜத்துக்கு வுளு எடுக்கப் போகும்போது துவக்கை என் மடியில் வைப்பார். "சத்தம் கேட்டா சுடாத மனே. ஆரெண்டு பாரு. ஆரெண்டு தெரியாமச் சுட்டுப்போடாத" என்பார். ஒரேயொரு நாள் சத்தம் கேட்டது. வேலியை முட்டிக்கொண்டு வந்தது ஒரு கட்டாக்காலி மாடு. நான் துவக்கைத் தூக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. வாப்பா செம்போடு வந்து, மாட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, துவக்கை வாங்கிக்கொண்டார். அதைப் பற்றி அவர் பிறகு பேசவேயில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தத் தம்பி வாசித்த கட்டுரையில் மூன்றாம் நாள் விடிய ஒரு மந்தை வருகிறது. சிறுமி குறிவைக்கிறாள். அவள் சுடவேண்டிய எல்க்குக்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது. ரவை ஊடுருவிப் போகலாம். அவள் சுடாமல் காத்திருக்கிறாள். தகப்பன் ஒன்றும் சொல்வதில்லை. இலக்கையும் இலக்குக்கு அப்பாலுள்ளதையும் அறியாமல் விசையைத் தொடாதே என்பது அவர்களது பாடநெறியின் அடிப்படை விதி. எனக்கு அது வளவு மூலையில் கேட்ட குரலாக இருந்தது. சபையில் இதைச் சொன்னால் குரல் தழுதழுக்குமென்று பயந்தேன். அவளுக்கு முன்னால் நின்றது எல்க். எனக்கு முன்னால் வரவிருந்தது மனிதன். இந்த வித்தியாசத்தை எங்கள் கவிஞரும் அறிவார். அந்த வருடம் அவரும் காவலிருந்தவர். எனவே அவரது கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. துவக்கு என்ற சொல்லுக்கு எம்மிடையே ஒரேயொரு பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. அதே சொல் வேறொரு மண்ணில் அவகாசம், பொறுமை, குளிர்காலத்துக்கான இறைச்சி என்ற பொருள்களிலும் வழங்குகிறது என்று காட்டுவது மொழிபெயர்ப்பின் வேலைகளுள் ஒன்றல்லவா?

கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி சூட்டுக்குப் பிறகு வருவது. முதிர்ந்த பெண் எல்க் ஒன்று 225 கிலோ அளவில் இருக்கும். அதை நான்கு கால்களாகப் பிரித்து முதுகில் சுமந்துதான் இறக்கவேண்டும். சூடு ஒரு கணம், சுமை இருட்டும்வரை. மூன்றாவது தடவை ஏறும்போது மகள் தகப்பனைவிட முன்னால் போகிறாள். அதை அலங்காரமேதுமின்றிச் சொல்லியிருக்கிறார். புகைப்படம் எடுக்கும் பகுதி எனக்கு உவப்பாக இல்லை. செத்த பிராணியின் தலையைத் தூக்கிப்பிடித்துச் சிரிப்பதை அந்த நாட்டவர்களிலேயே பலர் விரும்புவதில்லை. இன்னொரு குறை, ஷாவ்னி மொழிப் பெயரையோ அந்த மலைகளில் முன்பு வேட்டையாடிய மக்களையோ அவர் ஒரு சொல்லால்கூட நினைக்கவில்லை. அவர் உலகில் சாம் பாதர்ஸ் இல்லை.

வேட்டைக்குப் போவது மகள் என்பதைச் சபையில் யாரும் கவனிக்கவில்லை. சபையில் பெண்கள் இருந்திருந்தால் கவனித்திருப்பார்கள். பெரிய வேட்டைக் கதைகளிலெல்லாம் பையன்கள்தான். சேரா ஓர்ன் ஜூவெட் 1886 இல் எழுதிய 'வெண்கொக்கு' கதையில் மட்டும் ஒன்பது வயதுச் சிறுமி வருகிறாள். பறவைகளைச் சுட்டுப் பதனிடும் இளைஞன் கொக்கின் கூட்டைக் காட்டினால் பத்து டொலர் தருவதாகச் சொல்கிறான். அவள் விடிகாலையில் பெரிய பைன் மரத்தில் ஏறிக் கூட்டைக் கண்டுபிடிக்கிறாள். இறங்கி வந்து சொல்லாமல் விடுகிறாள். நூறு வருடத்துக்கு மேல் கழிந்து இன்னொரு சிறுமி சுடுகிறாள். எது முன்னேற்றம் என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது.

கடைசியாகக் கண்ணீர். தமிழ்ப் பிரதியில், விழுந்த எல்க்கின் அருகே முழந்தாளிட்ட சிறுமி 'ஆனந்தக் கண்ணீர் வடித்தாள்' என்றிருந்தது. சந்திப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தகப்பன்மீது எனக்குக் கோபம். றோலிங்ஸ் அத்தியாயங்களாக எழுதியதை இந்த மனிதர் ஒரு அடைமொழியால் துடைத்தெறிந்துவிட்டாரே என்று ஒரு பந்தி எழுதியும் வைத்தேன். பிறகுதான் தம்பியிடம் ஆங்கில மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அங்கே ஆனந்தம் இல்லை. மகள் அழுதாள், ஏனென்று நான் கேட்கவில்லை என்று மட்டும்தான் இருந்தது. 'ஏனென்று கேட்கவில்லை' என்ற பகுதியைத் தம்பி விட்டுவிட்டார். கேட்டேன். "தகப்பன் கேக்காம இருப்பாரா சேர்? வாசிக்கிறவங்க பிழையா விளங்கிருவாங்க எண்டு நினைச்சேன்" என்றார்.

நான் எழுதிய பந்தியைக் கிழித்துவிட்டேன். அந்தக் கோபம் எங்கள்மீதே வரவேண்டியது. கதையில் யாராவது அழுதால் அது ஆனந்தமா சோகமா என்று முத்திரை குத்தாமல் எம்மால் விடமுடிவதில்லை. எமது சிறுகதைகள் பலவற்றில் இதே நோயை நான் கண்டிருக்கிறேன், என்னுடையவற்றிலும்தான். தொழில்முறை எழுத்தாளரல்லாத ஒரு வேட்டைக்காரர் தன் மகளின் அழுகையை அவளிடமே விட்டுவைத்தார். அந்த ஒரு வரியில் அவர் றோலிங்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பேன்.

மொழிபெயர்ப்பு இச்சஞ்சிகையில் வெளிவரவேண்டும் என்பது எனது அபிப்பிராயம். தம்பியிடம் இரண்டு திருத்தங்கள் கேட்டிருக்கிறேன். 'மரை' என்று வரும் இடமெல்லாம் 'எல்க்' என்றே போடவேண்டும். விட்டுப்போன அந்த அரைவரியைத் திரும்பச் சேர்க்கவேண்டும். முதலாவதற்கு உடனே சம்மதித்தார். இரண்டாவதைப் பற்றி இன்னும் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். கவிஞரிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டாரா என்று தெரியவில்லை.